கொஞ்சம் ஒதுங்கிக்கோப்பா!

மாடிப் போர்ஷன் அண்ணன் டூவீலர் மெக்கானிக். கையில் கிரீஸ் கறை இல்லாமல் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போக வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவி, தலை சீவி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். ஃபார்முலா ஒன் கார் ரேஸ்! பக்கத்தில் சிஷ்யனாக நான். எனக்கு அப்போது பதினாலு வயசு.

2002, மே 12. ஆஸ்திரியாவில் ரேஸ். மொத்தம் 71 சுற்று. ஃபெராரி டீமின் இரண்டு சிவப்புக் கார்களும் முன்னால் பறக்கின்றன. முதலில் பிரேசில்காரர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ. பின்னாலேயே ஜெர்மனிக்காரர் மைக்கேல் ஷூமாக்கர். ஷூமாக்கர் அதற்குள் நாலு தடவை உலக சாம்பியன். ஆனால் அன்றைக்கு பாரிக்கெல்லோவின் நாள். தகுதிச் சுற்றிலும் அவர்தான் முதல், ரேஸிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

கடைசிச் சுற்று. கடைசி வளைவும் தாண்டியாச்சு. கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பாரிக்கெல்லோவின் கார் சட்டென்று வேகம் குறைந்தது. ஷூமாக்கர் பக்கவாட்டில் வந்தார், தாண்டினார், ஜெயித்தார். வித்தியாசம் 0.182 விநாடி.

"அண்ணே, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "டேய்... இது ரேஸ் இல்லடா, ரேஷன் கடை. யாரு முன்னாடி நிக்கணும்னு கடைக்காரன் சொல்றான்."

டி.வி.யில் பார்த்தால் காசு கொடுத்து வந்த கூட்டம் மொத்தமும் கூச்சல் போடுகிறது. பரிசு மேடையில் ஷூமாக்கருக்கே வெட்கமாகிவிட்டது. பாரிக்கெல்லோவைப் பிடித்து முதல் படியில் ஏற்றிவிட்டு, தான் கீழே நின்றுகொண்டார். கோப்பையையும் அவர் கையில் கொடுத்தார். தேசிய கீதம் மட்டும் ஜெர்மனி கீதம். முதல் படியில் பிரேசில்காரர்!

நிற்க. ரேஸ் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (பார்ப்பவர்கள் இந்தப் பாராவை ஓவர்டேக் செய்து போகலாம்.)

ஃபார்முலா ஒன்னில் ஒரு டீமுக்கு இரண்டு கார், இரண்டு டிரைவர். பட்டமும் இரண்டு. டிரைவருக்கு ஒன்று, டீமுக்கு ஒன்று. இரண்டு டிரைவரும் எடுக்கிற பாயிண்ட் டீம் கணக்கில் சேரும். அதனால் ஒரே டீம் ஆட்கள் முதலாவது, இரண்டாவது என்று வந்துவிட்டால், அதில் யார் முதல் என்பது டீம் கணக்குக்கு ஒன்றுதான். டிரைவர்களுக்குத்தான் அது ஜென்மப் பிரச்னை. ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கிற இரண்டு பேர் ஒரே நாற்காலிக்கு ஆசைப்படுகிற கதை. ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அந்த இருவரில் ஒருவரைப் பார்த்து, 'நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோப்பா, அவர் போகட்டும்' என்று டீம் சொல்வதற்குப் பெயர்தான் டீம் ஆர்டர்.

இது தப்பா, இல்லையா?

பதினாலு வயசில் கேட்டிருந்தால் 'தப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். முப்பதுகளின் கடைசியில் நிற்கிற இப்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.

ஃபெராரி பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. 1999-ல் அவர்களுடைய டிரைவர் எடி இர்வைன் உலக சாம்பியன் பட்டத்தை இழந்தது இரண்டே பாயிண்ட்டில். எதிராளி ஹாக்கினென் 76, இவர் 74. இரண்டு பாயிண்ட் என்றால் வருஷம் பூராவும் ஓடிய ஓட்டத்தில் எங்கேயோ ஓர் இடம் முன்னால் வந்திருந்தால் போதும். சூடு கண்ட பூனை. 'கிடைக்கிறபோதே சேர்த்து வை' என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் நான் பி.காம். கணக்குப் போடாமல் விட முடியுமா?

ஆஸ்திரியா ரேஸுக்கு முன்னால் ஷூமாக்கரிடம் 44 பாயிண்ட். அடுத்து இருந்த மோன்டோயாவிடம் 23. அன்றைய கணக்கில் முதல் இடத்துக்கு 10, இரண்டாவதுக்கு 6. பாரிக்கெல்லோவை ஒதுக்கிவைத்துச் சம்பாதித்தது 4 பாயிண்ட். வருஷக் கடைசியில் ஷூமாக்கர் 144, இரண்டாவதாக வந்தவர் 77. இன்னும் ஆறு ரேஸ் மிச்சமிருக்கும்போதே, ஜூலை மாசமே பட்டம் கையில். ஆக, 67 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கப் போகிறவருக்காக நாலு பாயிண்ட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். கோடீஸ்வரர் பூக்காரியிடம் நாலணா பேரம் பேசிய மாதிரி.

'மே மாசத்தில் ஜூலை தெரியுமா?' என்று கேட்பீர்கள். தெரியாதுதான். ஆனால் 21 பாயிண்ட் முன்னிலை மே மாசத்திலேயே தெரிந்தது அல்லவா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபெராரிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள், பாதியை நிறுத்தி வைத்து. எதற்கு? முதல் இடத்தை மாற்றியதற்கு இல்லை. மேடையில் படி மாறி நின்றதற்கு! டீம் ஆர்டருக்கு எதிராக அப்போது சட்டமே கிடையாது. திருடியதை விட்டுவிட்டு, திருடும்போது செருப்புக் காலோடு வீட்டுக்குள் வந்தான் என்று கேஸ் போட்ட மாதிரி.

* * *

சரி, டீமுக்காக ஒருத்தன் விட்டுக்கொடுப்பதே தப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது.

2004 மார்ச்சில் முல்தான் டெஸ்ட் ஞாபகமிருக்கிறதா? சச்சின் 194 நாட் அவுட். இரட்டைச் சதத்துக்கு ஆறு ரன். கேப்டனாக நின்ற திராவிட் டிக்ளேர் செய்துவிட்டார். டீக்கடைக்கு டீக்கடை அடிதடி நடக்காத குறை. சச்சினுக்கே வருத்தம்தான். ஆனால், அதை ஏமாற்று வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. காரணம், டிக்ளேர் செய்வது ஆட்டத்தின் விதி. எல்லார் கண் முன்னாலும் நடந்தது. ஸ்கோர் போர்டில் 194 அப்படியே நின்றது. அதை யாரும் அழித்து வேறொருவர் பேரில் எழுதவில்லை.

கார் ரேஸில் இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. 1956, செப்டம்பர் 2. இத்தாலியில் மோன்ஸா. அந்த வருஷத்தின் கடைசி ரேஸ். ஃபெராரியின் பெரிய டிரைவர் அர்ஜென்டினாக்காரர் ஃபான்ஜியோ. அவருடைய கார் பாதியில் மக்கர் செய்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒருவர் ஓட்டும் காரை நடுவில் இன்னொருவர் வாங்கி ஓட்டலாம். டீமில் இன்னொரு டிரைவர் மூஸோ. 'காரைக் கொடு' என்ற சாடை அவருக்குப் பிடிக்கவில்லை. கொடுக்காமல் போய்விட்டார். அடுத்து வந்து நின்றவர் பீட்டர் காலின்ஸ். இங்கிலாந்துக்காரர். வயசு 24. அன்றைய தினம் உலக சாம்பியன் ஆகிற வாய்ப்பு அவருக்கும் மிச்சமிருந்தது.

காலின்ஸ் இறங்கினார். காரை ஃபான்ஜியோவிடம் கொடுத்தார். ஃபான்ஜியோ இரண்டாவதாக வந்து உலக சாம்பியன் ஆனார். 'எனக்குச் சின்ன வயசுதானே, இன்னும் காலம் இருக்கிறது' என்கிற மாதிரி காலின்ஸ் சொன்னாராம்.

காலம் இருக்கவில்லை. 1958 ஆகஸ்டில் ஜெர்மனியில் ரேஸ் ஓட்டும்போது விபத்தில் இறந்து போனார். வயசு 26. சாம்பியன் ஆகவே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956-ல் விட்டுக்கொடுத்தவர் பெரிய மனுஷன். 2002-ல் விட்டுக்கொடுத்தவர் பாவப்பட்ட மனுஷன். செய்த காரியம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எங்கே?

ஒன்று, காலின்ஸ் மறுத்திருக்கலாம். மூஸோ மறுத்தாரே! மறுக்க முடிகிறவன் கொடுப்பதற்குப் பெயர்தான் கொடை. பாரிக்கெல்லோவோ கடைசிச் சில சுற்றுகள் ரேடியோவில் வாக்குவாதம் செய்து பார்த்துவிட்டுத்தான் பணிந்தார். பின்னாளில் அவரே சொன்னது இது.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1956 மோன்ஸா ரேஸின் முடிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது இடத்தில் காலின்ஸ், ஃபான்ஜியோ என்று இரண்டு பேரும் அச்சாகியிருக்கும். இரண்டாவது இடத்துக்கான 6 பாயிண்ட்டை ஆளுக்கு 3 என்று பிரித்துக் கொடுத்தார்கள். கொடுத்தவன் பேரும் கணக்கில் இருக்கிறது! 2002 பட்டியலில் '1. ஷூமாக்கர், 2. பாரிக்கெல்லோ' என்று மட்டும் இருக்கும். ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒருத்தன் வாங்கினால், கொடுத்தவன் பேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது கணக்கு இல்லை.

* * *

ஆஸ்திரியா கூச்சலுக்குப் பிறகு ரேஸ் நிர்வாகம் விழித்துக்கொண்டது. 2003 முதல், ரேஸ் முடிவை மாற்றுகிற டீம் ஆர்டருக்குத் தடை.

தடை போட்டால் நின்றுவிடுமா? நம் ஊரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதிய சுவரைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

2010, ஜூலை 25. ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம். மறுபடியும் ஃபெராரி. முன்னால் பிரேசில்காரர் ஃபெலிப்பே மாஸா, பின்னால் அலோன்ஸோ. மாஸாவுக்கு ரேடியோவில் அவருடைய எஞ்சினீயர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்: 'ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். செய்தி புரிந்ததா என்று உறுதி செய்.' அவ்வளவுதான். ஒதுங்கு என்கிற வார்த்தையே கிடையாது. மாஸாவுக்குப் புரிந்தது. ஒதுங்கினார். 'ஆர்டரா? நாங்களா? தகவல்தானே சொன்னோம்!' என்றது டீம்.

ஆபீஸில் மானேஜர் வந்து, "உன் சீட்டை அவருக்குக் குடுன்னு நான் சொல்லல... ஆனா அவருக்கு ஜன்னல் காத்து பிடிக்கும்" என்பார் இல்லையா, அது.

இந்தத் தடவை ஒரு லட்சம் டாலர் அபராதம். அலோன்ஸோவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 7 பாயிண்ட். வருஷக் கடைசியில் பட்டத்தை 4 பாயிண்ட்டில் கோட்டைவிட்டார். பாவமும் போச்சு, பலனும் போச்சு. 2011-ல் தடையையே எடுத்துவிட்டார்கள். எட்டு வருஷத்தில் அந்தச் சட்டம் ஆர்டரை ஒழிக்கவில்லை. ஆர்டரை மறைத்துச் சொல்லக் கற்றுக் கொடுத்தது, அவ்வளவே.

மறைத்தும் மழுப்பியும் சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது. 1982 ஏப்ரல் 25, இமோலா. ஃபெராரி கார்கள் இரண்டும் முன்னால். 'மெதுவாக' என்று டீம் பலகை காட்டியது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. முன்னால் போன கில் வில்னெவ், 'இப்படியே வரிசையாக முடிக்கச் சொல்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சுற்றில் முந்தி ஜெயித்தார். நண்பன் துரோகம் செய்துவிட்டான் என்று வில்னெவ் பேச்சையே நிறுத்திவிட்டார். பதிமூன்றாம் நாள், பெல்ஜியத்தில் ஸோல்டர் தகுதிச் சுற்றில் விபத்து. வில்னெவ் இறந்து போனார். அந்தக் கோபம்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், இருவரும் கடைசிவரை சமாதானமாகவில்லை. ஒரே ஒரு வார்த்தை எழுதிய பலகை இரண்டு பேருக்கு நடுவே அப்படி நின்றுவிட்டது.

* * *

இப்போது என் சொந்தக் கதை.

டிகிரி முடித்து ஒரு கம்பெனியில் சேல்ஸில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். மூன்று மாசம் அலைந்து ஒரு பெரிய ஆர்டர் பிடித்தேன். மார்ச் 31 சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டார். "தம்பி, இந்த ஆர்டரை சீனியர் பேர்ல போட்டுக்கலாம். அவருக்கு டார்கெட்டுக்குக் கொஞ்சம்தான் குறையுது. நீ சின்னப் பையன், உனக்கு அடுத்த வருஷம் இருக்கு."

கையெழுத்துப் போட்டேன். சீனியர் பாங்காக் போனார். எனக்கு யானை பொம்மை வைத்த கீ-செயின் வந்தது. அதில் மாட்ட என்னிடம் வண்டியே இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. அடுத்த வருஷம், தான் பிடித்த ஓர் ஆர்டரை என் பேரில் எழுதினார். "கணக்கு நேர் ஆயிடுச்சு தம்பி" என்றார். எனக்கு சந்தோஷம் வரவில்லை. போனது என் ஆர்டர். வந்தது என்னுடையது இல்லை. மேலே உட்கார்ந்திருந்த முதலாளிக்கு இரண்டு வருஷமும் பொய்க் கணக்கு.

ஷூமாக்கரும் இதைத்தான் செய்தார். 2002 செப்டம்பர் 29, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். ஜெயிக்க வேண்டியவர் கோட்டுக்குக் கிட்டே வந்து மெதுவாக்க, பாரிக்கெல்லோ 0.011 விநாடியில் ஜெயித்தார். மாடிப் போர்ஷன் அண்ணன் ஆவலாக எழுந்து நின்று பார்த்தவர், அப்படியே உட்கார்ந்தார். "வாங்குன கடனை நம்ம காசுல அடைக்கறானுங்கடா" என்றார். டிக்கெட் வாங்கியவன் இரண்டு தடவை ஏமாந்தான்.

* * *

இப்போது புது மாதிரி வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அதே மோன்ஸா. மெக்லாரன் டீமின் நாரிஸுக்கு டயர் மாற்றுவதில் தாமதம். அதனால் டீம் நண்பர் பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். 'தாமதம் நம் தப்பு, இடத்தைத் திருப்பிக் கொடு' என்றது டீம். டயர் தாமதமெல்லாம் ரேஸில் சகஜம் என்றுதானே பேசி வைத்திருந்தோம் என்று பியாஸ்ட்ரி ரேடியோவில் கேட்டார், உலகமே கேட்க. கேட்டுவிட்டுக் கொடுத்தார். நாரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது. வித்தியாசம் 3 பாயிண்ட்.

வருஷ முடிவில் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. நாரிஸ் உலக சாம்பியன். அந்த மூன்றைக் கழித்துப் பாருங்கள்!

இது சரியா, தப்பா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ள முடிகிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. யார் கேட்டார், யார் முனகினார், யார் கொடுத்தார் எல்லாம் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. கூட்டிக் கழித்துத் திட்டுகிற உரிமையாவது நமக்குக் கிடைத்தது.

ஆக, என் தீர்ப்பு இதுதான். டீம் ஆர்டர் பாவம் இல்லை. டீமின் காரை ஓட்டுகிறவன் டீமின் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆர்டரை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால், அது பாவம்.

இந்தத் தத்துவம் என் சொந்த மூளையில் உதித்ததில்லை. ஐந்து வருஷம் கழித்து அதே கம்பெனியில் நான் டீம் லீடர் ஆனேன். அதே மார்ச் 31. எங்கள் டீமில் வயசான ஒருவர். அடுத்த மாசம் பெண்ணுக்குக் கல்யாணம். இன்சென்டிவுக்கு ஒரே ஓர் ஆர்டர் குறைகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பெரிய ஆர்டரோடு வந்து நின்றான்.

"தம்பி, உனக்குச் சின்ன வயசு. அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தவன், என் குரலில் அந்தப் பழைய மானேஜர் பேசுவதைக் கேட்டு நிறுத்தினேன்.

பையன் யோசித்தான். "அவருக்கே குடுத்துடுங்க சார். எனக்கு சந்தோஷம்தான். ஆனா நான் குடுத்தேன்னு அதுல எழுதிடுங்க."

ஃபாரத்தை மேலும் கீழும் பார்த்தேன். ஆர்டர் நம்பர் இருந்தது. தொகை இருந்தது. தேதி இருந்தது. 'கொடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இல்லை.

ஆர்டரைப் பையன் பேரிலேயே போட்டேன். பெரியவரின் கல்யாணச் செலவுக்கு ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டோம். யார் யார் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, மொய் மாதிரி. முதல் பேர் அந்தப் பையனுடையது.